நாய், பூனை வளர்க்கும் வீட்டில் முடி சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வீட்டில் முடி பறக்கிறது என்றதும் பலரும் நல்ல துடைப்பத்தையும் வேக்குவம் கிளீனரையும் தேடுகிறார்களே தவிர, நாயைச் சீவிவிட நேரம் ஒதுக்குவதில்லை. தரையில் விழுந்து, மின்விசிறிக் காற்றில் அலைந்து, மெத்தையில் குத்திக்கொண்ட முடியை எடுப்பதைவிட, உதிரும் நிலையில் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அதைச் சீப்பில் எடுத்துவிடுவது மிகச் சுலபம். எனவே சுத்தம் செய்யும் வேலையை நாயிடமிருந்தே தொடங்க வேண்டும்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கு முடி இரண்டு அடுக்காக இருக்கும். மேலே சற்று முரடான முடியும் அதன் அடியில் பஞ்சு போன்ற மென்முடியும் உண்டு. கட்டிலுக்கு அடியில் உருண்டையாகத் திரள்வது பெரும்பாலும் இந்த அடிமுடிதான். குளிர்நாடுகளில் பருவம் மாறும்போது இது மொத்தமாகக் கொட்டும் என்றால், ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் நம் ஊரில் ஏறக்குறைய எல்லா மாதமும் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டே இருக்கும். அடிமுடியை எடுப்பதற்கென்றே அகலப் பற்களுடன் விற்கும் சீப்பால் முதலிலும், வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ்ஷால் பிறகும், முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் சீவ வேண்டும். தொடையின் பின்புறம், வால் அடி, கழுத்துப்பட்டை உராயும் இடம் ஆகிய மூன்றையும் விட்டுவிடக் கூடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டைமுடி நாய்களுக்குக் கம்பி பிரஷ் தேவையில்லை. ரப்பர் முனைகள் கொண்ட கையுறையால் தடவிவிட்டாலே போதும். பூனைக்கும் அதுவே பொருந்தும் என்றாலும், நீளமுடிப் பூனைக்குச் சீப்பு அவசியம்.

சீவுவதை மொட்டைமாடியிலோ பால்கனியிலோ வைத்துக்கொள்வது நல்லது. இரட்டை அடுக்கு நாய்க்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் பத்து நிமிடம் ஒதுக்கினாலே வீட்டில் வித்தியாசம் தெரியும். குளிப்பாட்டினால் உதிரும் முடி தளர்ந்துவிடும் என்பதால், குளித்து நன்றாகக் காய்ந்த பிறகு சீவுவதை மட்டும் தவறவிடக் கூடாது. வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரட்டை அடுக்கு நாய்க்கு அது வேண்டாம். அந்த முடி வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது, மழித்த இடத்தில் முடி பழையபடி சீராக வளராமலும் போகலாம்.

அடுத்தது தரை. கூட்டத் தொடங்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பூந்துடைப்பம் முடியைச் சேர்ப்பதைவிடக் கிளப்பிவிடுவதே அதிகம் என்பதால், லேசாக ஈரம் தோய்த்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியை அதன்மேல் சுற்றிக்கொண்டு மெதுவாக இழுத்தால், முடி துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். ரப்பர் துடைப்பம் இருந்தால் இன்னும் நல்லது. முடியை எடுக்காமலேயே வாளித் தண்ணீரில் மாப்பை நனைத்துத் துடைத்தால், அது டைல்ஸில் கோடு கோடாக ஒட்டி, காய்ந்த பிறகு மீண்டும் பறக்கத் தொடங்கும். தரை துடைக்கும் பினாயிலில் பீனால் வகைப் பொருள்கள் இருந்தால் அவை பூனைகளுக்கு நஞ்சாகும் என்பதால், பூனை உள்ள வீட்டில் அவற்றைத் தவிர்த்துவிடுவது பாதுகாப்பானது.

சோபாவிலும் மெத்தையிலும் குத்தி நிற்கும் குட்டை முடிக்கு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தேய்த்தால் திரி திரியாகத் திரண்டு வரும். புதிதாக வாங்குவதென்றால் வெல்வெட் உறையைத் தவிர்த்து ரெக்ஸினை எடுங்கள். நாய்க்குப் பிடித்த மூலையில் ஒரு பருத்தி விரிப்பைப் போட்டு, அதை மட்டும் அடிக்கடி மாற்றுவது முழு சோபாவைச் சுத்தம் செய்வதைவிடச் சிக்கனமானது. துணிகளைத் துவைக்கும் முன் உலர்ந்த நிலையிலேயே வெளியில் உதற வேண்டும். நனைந்த முடி நூலோடு ஒட்டி, மற்றத் துணிகளுக்கும் பரவும். முன்புறக் கதவுள்ள வாஷிங் மெஷினில் கீழே இருக்கும் வடிகால் வடிகட்டியை அவ்வப்போது திறந்து பார்த்தால், எவ்வளவு முடி அங்கே திரண்டிருக்கிறது என்பது தெரியும். ஏ.சி. வடிகட்டியையும் மின்விசிறி இறக்கைகளையும் மற்ற வீடுகளைவிட அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இளைப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருந்தால் முடியை மட்டும் அகற்றினால் போதாது. ஒவ்வாமையைத் தூண்டுவது விலங்கின் உமிழ்நீரிலும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்களே. முடி அவற்றைச் சுமந்து பரப்புகிறது. ஆகவே படுக்கையறைக்குள் விலங்கை அனுமதிக்காமல் இருப்பதும், சீவும் பொறுப்பை வேறொருவர் ஏற்பதும் நல்லது.

முடி திட்டுத் திட்டாகக் கொட்டினாலோ, தோல் சிவந்து நாய் ஓயாமல் சொறிந்தாலோ அது சீப்பால் தீரும் விஷயமல்ல. உண்ணி, பூஞ்சைத் தொற்று, தைராய்டு குறைபாடு என்று காரணம் பலவாக இருக்கலாம் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சீவி எடுத்த முடியைக் குளியலறையில் கழுவிவிடாமல் செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள். வடிகால் அடைத்துக்கொண்டால் பிளம்பருக்குத்தான் செலவு.