ஐஸ் டீக்கு இலையைக் கொதிக்க விடாதீர்கள்

அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்கு மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த மறுநாளே, "சித்தி, இன்னைக்கு ஐஸ் டீ நான் போடுறேன்" என்று அடுப்படிக்குள் போனாள். நான் ஹாலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டது. தூள் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் கொதி நிற்கவில்லை. எழுந்து போவதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. சாயங்காலம் பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தாள். அரிசி கழுவிய தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்த மாதிரி ஒரு நிறம். "கலங்கிப் போச்சே சித்தி" என்றாள். எட்டு வருடத்துக்கு முன்னால் நான் கையில் பிடித்திருந்த பாட்டிலும் இப்படியேதான் இருந்தது.

அன்றைக்கே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. சர்க்கரை கூடிவிட்டது, எலுமிச்சை புளித்துவிட்டது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு வாய் குடித்தாலே தெரிந்துவிடும், அடுத்த முறை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். குடித்தாலும் காரணம் பிடிபடாத தவறுகள்தான் இங்கே.

இலையைப் போட்டுக் கொதிக்க விடுவது

நம் வீடுகளில் டீ என்றால் பால் டீ. கொதிக்கும் தண்ணீரில் டஸ்ட் தூளைப் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, டிகாக்ஷன் கறுத்த பிறகு பால் ஊற்றுவோம். அதில் தவறே இல்லை. பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு கொதித்தாலும் பால் தாங்கும். ஐஸ் டீயில் பால் இல்லை. கொதியில் இறங்கிய துவர்ப்பு முழுவதும் நேராக நாக்கில் வந்து உட்காரும். கை மட்டும் பழைய பழக்கத்திலேயே வேலை செய்கிறது.

எனக்கு இது தெரிய ஒரு பொட்டலம் இலை செலவானது. ஒரு ஜனவரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் குன்னூர் போனேன். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் சட்டம் தொடங்கும். அங்கிருந்து நீராவி என்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்து மூச்சு வாங்கித் தள்ளிக்கொண்டு ஏறும். குன்னூரில் இறங்கி, கடைத்தெருவில் ஒரு சின்னத் தேயிலைக் கடையில் நின்றேன். கடைக்காரர் ஒரு வெள்ளைக் கோப்பையில் முழு இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடி வைத்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியாக நான்கு நிமிடத்தில் வடித்துக் கொடுத்தார். தேன் நிறம். பால் இல்லை, சர்க்கரை இல்லை, ஆனாலும் பூ வாசனை. பனிக்காலக் கொழுந்து என்றார். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி குளிரில் செடி மெதுவாகத் துளிர்க்கும். அந்தக் கொழுந்துக்குத்தான் இந்த மணம். ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்குக் கால் கிலோ வாங்கி வந்து, மே மாதத்துக்கென்று பத்திரமாக எடுத்து வைத்தேன்.

மே வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து ஸ்பூன் இலையைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தேன். மூடி பத்து நிமிடம் விட்டேன். வடிகட்டிச் சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் கலங்கல், கசப்பு, பூ வாசனை இருந்த இடமே தெரியவில்லை. ஐஸ் போட்டதும் தண்ணியாகவும் போனது. தண்ணியாக இருக்கிறதே என்று அடுத்த முறை பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். இன்னும் கசந்தது. மூன்றாவது முறை கசப்பை மறைக்கச் சர்க்கரையைக் கொட்டினேன். மூன்று வாரத்தில் முக்கால் பொட்டலம் தீர்ந்தது. இன்றைக்கும் ஆறாத விஷயம் என்னவென்றால், அத்தனை நாளும் நான் இலையைத்தான் குறை சொன்னேன். கடையில் நல்லதைக் காட்டி மட்டமானதைக் கட்டிக் கொடுத்துவிட்டார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தது என் கண்ணில் பட்டது, மனதில் பதியவில்லை.

ஒரு ராத்திரி சிலிண்டர் தீர்ந்துபோனது. மறுநாள் விருந்தாளி வருகிறார்கள். வேறு வழியில்லாமல் பச்சைத் தண்ணீர் பாட்டிலில் நான்கு ஸ்பூன் இலையைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வடிகட்டினால், குன்னூரில் குடித்த அதே தேன் நிறம். பாட்டிலுக்குப் பின்னால் தினசரி காலண்டர் தாளைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது.

ஏன் இப்படி என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். கறுப்புத் தேயிலையில் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்று நிறமும் துவர்ப்பும் தரும் பொருட்கள் இருக்கின்றன. கூடவே கஃபீன். சூடான தண்ணீரில் இவை கரைந்து நிற்கும். ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிக நுண்ணிய துகள்களாகப் பிரியும். அதுதான் கலங்கல். தேயிலைத் தொழிலில் இருப்பவர்கள் இதை 'க்ரீமிங்' என்பார்கள். சூடாகக் குடிக்கும் அசாம் டீ ஆறும்போது இப்படித் திரண்டால் அதை நல்ல சாறுள்ள இலைக்கு அடையாளமாகவே பார்ப்பார்கள். ஐஸ் டீக்கு அது ஆகாது. எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ அவ்வளவு அதிகமாக இவை இறங்கும், அவ்வளவு கலங்கும். நீலகிரி இலைக்கு ஐஸ் டீ உலகில் தனிப் பெயர் இருப்பதே அது மற்ற இலைகளைவிடக் குறைவாகக் கலங்கும் என்பதால்தான். அமெரிக்காவில் குடிக்கும் தேநீரில் பெரும்பகுதி குளிர்ந்த தேநீர். அங்கே போகும் நீலகிரி இலைக்கு அந்தத் தெளிவுதான் மதிப்பு. அப்படிப்பட்ட இலையைக்கூட நான் கலக்கி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். மதுரையில் கிட்டத்தட்ட 100. கடைக்காரர் ஊற்றிய கொதிநீரும் என் அடுப்பில் கொதித்த நீரும் ஒன்றல்ல. இப்போது நான் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துத்தான் இலையில் ஊற்றுகிறேன்.

ஐஸ் உருகினால் தண்ணியாகும் என்பது உண்மைதான். அதற்கு இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். என் கணக்கு இது. ஒரு லிட்டர் ஐஸ் டீக்கு 12 கிராம் முழு இலை, அதாவது சுமார் ஆறு டீஸ்பூன். அரை லிட்டர் வெந்நீர், நான்கு நிமிடம், உடனே வடிகட்டுவது. அதன்மேல் அரை கிலோ ஐஸ், அல்லது ஐஸும் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்து அரை லிட்டர். சி.டி.சி. என்னும் உருண்டைத் தூள்தான் இருக்கிறது என்றால் இரண்டு நிமிடம் போதும். அது நசுக்கி, கிழித்து, சுருட்டிய இலை என்பதால் சாறு சட்டென்று இறங்கிவிடும். அவசரமில்லை என்றால் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பதே என் விருப்பம். லிட்டருக்கு 8 முதல் 10 கிராம், ஃப்ரிட்ஜில் எட்டு மணி நேரம். குளிர்ந்த நீரில் கஃபீனும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும், அதனால் ராத்திரி மறந்து தூங்கிவிட்டாலும் கெடுதல் இல்லை.

ஏற்கெனவே கலங்கிவிட்டதா? கொட்டிவிடாதீர்கள். அரை டம்ளர் கொதிநீர் சேர்த்துக் கலக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கசப்பு மட்டும் போகாது.

சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைப்பது

அறைச் சூட்டுக்கு ஆறட்டும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

போர் தண்ணீர்

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருக்கும், சுரண்டினால் உதிரும். அந்தத் தண்ணீரில் போட்ட டீயின் மேல் மெல்லிய ஏடு மாதிரி ஒன்று மிதக்கும். பால் டீயில் அது தெரியாது, கண்ணாடி டம்ளரில் ஐஸ் டீயாக வைத்தால் நன்றாகத் தெரியும். தண்ணீரில் இருக்கும் கால்சியம்தான் காரணம், கலங்கலையும் அது கூட்டிவிடும். கேன் தண்ணீரோ வடிகட்டிய குடிநீரோ போதும். ஐஸும் அதே தண்ணீரில் உறைந்ததாக இருக்கட்டும். டீயை நல்ல தண்ணீரில் போட்டுவிட்டு ஐஸைக் குழாய்த் தண்ணீரில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெயிலில் ஊறவைப்பது

மதுரை மொட்டைமாடி வெயிலைப் பார்த்தால் ஆசை வரும்தான். வேண்டாம். அந்தச் சூட்டில் தண்ணீர் 50, 55 டிகிரிக்கு மேல் போகாது, கிருமி சாகாது. மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் பெருகும்.

மூடாத பாட்டில்

தேயிலை வாசனையை இழுக்கும். ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்த ஐஸ் டீயில் முந்தின நாள் வைத்த பூண்டுக் குழம்பு மணந்தது. இறுக்கமான மூடி, இரண்டு நாளுக்குள் குடித்துவிடுவது.

சர்க்கரையை ஆறிய டீயில் போடுவது

கரையாது. ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், லேசாகச் சூடாக்கிக் கரைத்துப் பாட்டிலில் வையுங்கள்.

எலுமிச்சை

குடிக்கும்போது, டம்ளரில். சூட்டில் தோலோடு போட்டால் தோலின் கசப்பு இறங்கும். பிழிந்ததும் டீ வெளுக்கிறதே என்று அக்கா மகள் கேட்டாள். புளிப்பு பட்டால் தேயிலையின் நிறப்பொருள் வெளிறும், அவ்வளவுதான், டீ கெட்டுவிடவில்லை.

ஒரே நாளில் இரண்டை மாற்றுவது

இதை இரண்டாவது பெரிய தவறு என்பேன். முதல் மே மாதத்தில் நான் இலையின் அளவு, நேரம், சர்க்கரை மூன்றையும் தினமும் மாற்றினேன். எதனால் கசந்தது என்று எப்படித் தெரியும்? இப்போது ஒரு பழைய கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, இலை, எத்தனை கிராம், எத்தனை நிமிடம், என்ன தண்ணீர், குடித்தபோது எப்படி இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது. அக்கா மகள் நேற்று அதில் தன் கையெழுத்தில் முதல் வரி எழுதினாள்: "சி.டி.சி., 2 நிமிடம், கேன் தண்ணீர். காலண்டர் படிக்க முடிந்தது, கொஞ்சம் மங்கல்." இன்றைக்கு ஒன்றரை நிமிடம் வைத்துப் பார்க்கிறாள்.

பொட்டலத்தைப் படிக்காமல் வாங்குவது

எந்த மலை, எந்தத் தோட்டம், எப்போது பறித்தது என்று எழுதியிருந்தால் வாங்குங்கள். ஒன்றும் எழுதாமல் "ஸ்பெஷல்" என்று மட்டும் இருந்தால் நான் வாங்குவதில்லை. புது இலையை முதலில் 50 கிராம் மட்டும். கால் கிலோ வாங்கிக் கெடுத்தவள் சொல்கிறேன்.

பொட்டலத்தைப் படிக்கும் பழக்கம் எனக்குப் புதிதாக ஓர் ஆசையையும் கொண்டுவந்தது. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் வரைபடத்தில் தேடுவேன். போன வருடம் தோழி ஒருத்தி இலங்கையிலிருந்து நுவரெலியா இலை கொண்டுவந்தாள். தேடினால் நுவரெலியாவின் உயரமும் ஏறக்குறைய குன்னூர் அளவுதான், 1,870 மீட்டர் பக்கம். தெற்கே, கடலுக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில் இன்னொரு குளிர்ந்த மலை. அங்கேயும் கொழுந்து பறித்தது தமிழ்க் கைகள்தான். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவான 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த மலைகளிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை பயிரிட்டது. டான்டீ என்று இப்போது நாம் கடையில் பார்ப்பது அதுதான். குன்னூர், நுவரெலியா இரண்டு பொட்டலமும் என் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு இலையையும் ஒரே அளவில், ஒரே தண்ணீரில் ஊறவைத்து இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். நுவரெலியா இலை சற்றே வெளிர் நிறம், எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு கூர்மை. குன்னூர் இலை உருண்டையான ருசி, கடைசியில்தான் பூ வாசனை.

மத்தியான வெயிலில் மின்விசிறிக்குக் கீழே அந்த டம்ளரை வைத்துக்கொண்டு, வெளியே நீர் கோத்து வழிவதைப் பார்த்தபடி, கண்டியிலிருந்து நானு ஓயா வரைக்கும் பலமுறை மனதுக்குள் ரயிலில் போய்வந்துவிட்டேன். நுவரெலியாவுக்கு அந்த ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும். எப்போது போவேன் என்று தெரியவில்லை. எடுத்துப்போக வேண்டியவை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கின்றன: வெப்பமானி, அரை லிட்டர் கண்ணாடி பாட்டில், சின்ன வடிகட்டி, ஒரு காலண்டர் தாள்.