ஸ்கிராப்புக் வகுப்பும் வீட்டு வேலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகைப்படம், கல்யாணப் பத்திரிகை, பயணச்சீட்டு, புடவைத் துண்டு என்று குடும்ப நினைவுகளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் நான்கு வரி எழுதி வைக்கும் ஸ்கிராப்புக் வேலை, தனக்கென்று தொடங்கி மெல்ல மெல்லப் பிறருக்குச் சொல்லித் தருவதில் போய் நிற்பதுண்டு. முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வருவாள், பிறகு அவளுடைய தோழி வருவாள், அடுத்த கோடை விடுமுறையில் முன்னறையே வகுப்பறையாகிவிடும். இந்த நிலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, வீட்டு வேலை தம்மைக் கைவேலை செய்ய விடுவதில்லை என்பதுதான். அது பாதி உண்மை என்றே நான் கருதுகிறேன். வீட்டு வேலைக்கு ஓர் அளவும் முடிவும் உண்டு; இரவு அடுப்பைத் துடைத்துவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. வகுப்புக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. வீட்டையும் கைவேலையையும் ஒருசேர விழுங்குவது, அளவு வைக்காமல் நடத்தப்படும் வகுப்புதான்.

ஆகவே முதல் தவறு, வகுப்புக்காகச் செய்யும் மாதிரிப் பக்கங்களைத் தம்முடைய பொழுதுபோக்காகக் கணக்கில் எழுதிக்கொள்வது. நாள் முழுவதும் கையில் கத்தரிக்கோலும் பசையும் இருப்பதால் ஆசைப்பட்ட வேலையைத்தான் செய்கிறோம் என்று தோன்றும். உங்கள் சொந்த ஆல்பத்தைத் திறந்து, கடைசியாக ஒட்டிய படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பாருங்கள். மூத்த பிள்ளையின் காதுகுத்தோடு அது நின்றுபோயிருந்து, அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறது என்றால், அத்தனை ஆண்டுகளாக நடந்தது வேலையே தவிர பொழுதுபோக்கு அன்று. வாரத்தில் ஒரு மணி நேரமாவது வீட்டு ஆல்பத்துக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் வகுப்புக்கான எதையும் தொடாமல் இருப்பதே இதற்கு வழி. பொருள்களையும் இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைக்க வேண்டும். வகுப்பில் தாள் குறைந்தால் சொந்தப் பெட்டியில் கை வைப்பது, சொந்த வேலைக்கு மாணவிகள் கொடுத்த பணத்தில் வாங்கிய லேஸை எடுத்துக்கொள்வது ஆகிய இரண்டுமே பின்னால் கணக்கைக் குழப்பும். வீட்டு ஆல்பத்தையே மாதிரியாக வகுப்பில் சுற்றுக்கு விடுவதும் கூடாது. முறுக்குத் தின்ற விரல்கள் பதிந்த இடத்தில் எண்ணெய்க் கறை தாளில் ஊறிவிட்டால் அதை எடுக்க வழியில்லை.

நாள் குறிப்பதில் நேரும் தவறுகள் மதுரையில் சற்றுத் தனியானவை. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. சித்திரைத் திருவிழாவும் அதே காலத்தில் வருகிறது. விடுமுறை தொடங்கியவுடன் வகுப்பைத் தொடங்குபவர், ஆங்கில மாத நாள்காட்டியை மட்டும் பார்த்து நாள் குறித்துவிடுகிறார். திருவிழாவோ சித்ரா பௌர்ணமியை ஒட்டி நகர்வது. அழகர் வைகையில் இறங்கியது 2024இல் ஏப்ரல் 23ஆம் நாள், 2025இல் மே 12ஆம் நாள். போன ஆண்டு ஒத்துவந்த நாள் இந்த ஆண்டும் ஒத்துவரும் என்று நம்ப முடியாது என்பதற்கு இதுவே போதும். திருக்கல்யாணம், தேரோட்டம், எதிர்சேவை என்று அடுத்தடுத்து வரும் நாள்களில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளில் போக்குவரத்து மாற்றிவிடப்படும், வெளியூர் உறவினர் பாயும் தலையணையுமாகக் கூடத்தை நிறைத்துவிடுவர், மாணவிகளில் பாதிப் பேர் வரமாட்டார்கள். நடத்திய வகுப்பை வராதவர்களுக்காகத் திரும்ப நடத்த வேண்டியிருக்கும். பூப்பல்லக்கு முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு வகுப்பைத் தொடங்குவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெற்றோருக்கும் அது வசதியாகவே இருக்கும். அவர்கள் வீட்டிலும் விருந்தினர் இருப்பார்கள் அல்லவா?

ஆண்டின் மற்ற மாதங்களையும் இப்படியே பார்க்கலாம். முகூர்த்தம் மிகுந்த ஆவணியிலும் தையிலும் சனி, ஞாயிறு நம் கையில் இருப்பதில்லை. முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் சொந்த ஆல்பத்தை முன்னேற்ற நல்ல மாதங்கள். கொலு வைக்கும் வீட்டில் நவராத்திரிக்கு முன்னறை படிகளுக்குப் போய்விடும் என்பதால் அப்போது வகுப்பு வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வார நாள்களில் மாலை நான்கு முதல் ஆறு வரை வகுப்பு வைப்பது பெற்றோர் கேட்கும் நேரம். ஆனால் அதுவே சொந்தப் பிள்ளைகள் பசியோடு பள்ளியிலிருந்து வந்து விழும் நேரமும் ஆகும். பிறர் பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே தன் பிள்ளையைப் "போய் எதையாவது எடுத்துத் தின்னு" என்று விரட்டும் வீட்டில், அந்தக் கலை மீது பிள்ளைக்கு வெறுப்பு வருவதில் வியப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கறி எடுத்துச் சமைக்கும் வீடுகளில் அதுதான் வாரத்திலேயே பெரிய சமையல். சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்பது பல வீடுகளுக்குப் பொருந்தும். குழாயில் தண்ணீர் வரும் நாளையும், பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளையும் பார்த்து அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மே மாத வெயிலில் மின்விசிறி இல்லாமல் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைப்பது யாருக்கும் நல்லதல்ல.

மின்விசிறி என்றதும் ஜிகினாவைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகளுக்கு ஜிகினாத் தூள் மீது அளவில்லாத ஆசை. ஒரு சிட்டிகை ஜிகினா விசிறிக்காற்றில் எழும்பினால், அது பாய் இடுக்கிலும் குழந்தையின் கண்ணோரத்திலும் மூடாமல் வைத்த தோசை மாவின் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும்; மாவின் மேல் மின்னுவதைக் கரண்டியால் வழித்தெடுத்தாலும் மறுநாள் தோசையில் நிச்சயம் ஒன்று தெரியும். இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஜிகினாத் தூளை வகுப்பிலிருந்து அடியோடு விலக்கிவிட்டு, ஒட்டும் கல்லும் ஜிகினாத் தாளும் கொடுத்தால் போதும். சாப்பாட்டு மேசையில் வகுப்பு நடத்துவதும் இதே வகைத் தவறுதான். ஒவ்வொரு வேளையும் பரப்பியதை எடுத்து வைத்து, சாப்பிட்டபின் மீண்டும் பரப்பும் வேலை, வகுப்பை விடக் களைப்பூட்டும். தனி அறை இல்லாத வீட்டில், ஒரு பாயும் இரண்டு பழைய பலகைகளும், மூடி உள்ள ஒரு பெட்டியும் போதுமானவை. பாயைச் சுருட்டினால் வகுப்பு முடிந்தது என்று வீட்டாருக்கும் தெரியும். கட்டர் பிளேடுகளைப் பெட்டிக்குள் போடும்போது எண்ணிப் போட வேண்டும்.

பொருள்களைப் பற்றிய தவறுகள்தாம் மிகுதியானவை. அவற்றின் விளைவு பல ஆண்டுகள் கழித்துத் தெரிவதால் அவை கவனிக்கப்படுவதும் இல்லை. நேரம் குறைந்த வகுப்பில் முதலில் விடுபடுவது இந்தக் கவனம்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டி, தாத்தாவின் ஒரே கல்யாணப் படத்தை மாணவி எடுத்து வந்தால் அதைக் கையில் வாங்கவே கூடாது. ஸ்டுடியோவில் நகல் எடுத்தோ, 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து அச்சிட்டோ கொண்டுவரச் சொல்ல வேண்டும். மூலப்படம் வீட்டிலேயே இருக்கட்டும். கத்தரிக்கோல் ஒருமுறை தவறினால் போவது படம் மட்டுமன்று, தெருவில் உள்ள ஒரு குடும்பத்தோடு இருந்த பேச்சுவார்த்தையும் போகும். பழைய படத்தை லாமினேஷன் செய்வதும் அதே போன்ற தவறு. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் படத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. ஒட்டும் பரப்பின் மேல் படத்தை வைத்து மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடும் பழைய வகை ஆல்பங்களில் பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பழைய கல்யாண ஆல்பம் வைத்திருக்கும் எவரும் அறிவர். பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் நாளடைவில் அமில ஆவியை வெளியிடும். பாலிபுரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் உறைகள் அந்தத் தொல்லையைத் தருவதில்லை. செய்தித்தாள் துணுக்கில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் தாளைப் பழுப்பாக்குவதோடு அதைத் தொட்டிருக்கும் பக்கத்தையும் பழுப்பாக்கும். ஆகவே நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுவதே முறை. சூட்டில் அச்சாகும் தாளில் தரப்படும் பேருந்துச் சீட்டும் கடை ரசீதும் நம் ஊர் வெப்பத்தில் விரைவில் வெளுத்துவிடும் என்பதால் அவற்றுக்கும் நகல்தான் வழி.

பசையில் இன்னொரு சிக்கல் உண்டு. மைதாவைக் காய்ச்சி எடுத்த பசை மலிவானது, வீட்டிலேயே கிடைப்பது. ஆனால் மாவுச்சத்து இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமலிருக்கப் பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பழைய வழக்கம் என்றாலும், அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் வகுப்பிலும் சமையல் நடக்கும் வீட்டிலும் அதற்கு இடமில்லை. வெள்ளைப் பசையைத் தடிமனாகத் தடவினால் மெல்லிய தாள் ஈரத்தில் நெளிந்துவிடும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அளவுக்குக் குறையாத, அமிலமற்ற தாளும், அமிலமற்றதென்று குறிப்பிட்டு விற்கப்படும் இருபுறம் ஒட்டும் டேப்பும் விலை சற்றுக் கூடுதல் என்றாலும் வேலையைப் பாதியாக்கும்.

கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் தடவிய மஞ்சளும் குங்குமமும் எதிர்ப்பக்கத்துப் படத்தில் ஒட்டும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, இடையில் ஒரு வெண்தாள் வைக்க வேண்டும். சுங்குடிப் புடவைத் துண்டு ஆல்பத்தில் மிக அழகாக இருக்கும், ஆனால் ஒருமுறை நனைத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, நன்றாக உலர்த்திய பின்னரே ஒட்ட வேண்டும். மல்லிகைப்பூவை மட்டும் யாரும் ஒட்ட வேண்டாம் என்பேன். ஈரம் மிகுந்த பூ அது; எவ்வளவு அழுத்தி உலர்த்தினாலும் பழுப்பு நிறத்தில் ஒரு கறையாகத்தான் மிஞ்சும்.

முடித்த ஆல்பத்தைப் பரணில் வைப்பது பெருந்தவறு. மொட்டை மாடியின் சூடு நேரே இறங்கும் இடம் அது. ஐப்பசி மழையில் ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். அந்துருண்டையை மட்டும் அதனோடு போடக் கூடாது.

எழுதாமல் விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தின் கீழே "மாமா வீட்டு விசேஷம்" என்று எழுதியிருந்தால், எழுதியவருக்கு அது யார் என்று தெரியும். இருபது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைக்கு அது எந்த மாமா, யாருக்கு மாமா என்று தெரியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் பெயர் மட்டும் எழுதினாலும் போதாது. ஊரும் ஆண்டும் சேர வேண்டும். இந்த விவரங்களை வீட்டு வேலைக்கு இடையிலேயே சேர்க்க முடியும். மாமியார் பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது அருகில் அமர்ந்து ஒரு படத்தைக் காட்டி, "அத்தை, இந்த ஓரத்தில் நிற்பது யார்?" என்று கேட்டால் போதும், திருமங்கலத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த கதை வரை வெளியே வரும். வகுப்பால் எரிச்சலுற்றிருக்கும் வீட்டுப் பெரியவர்களை இந்த வேலையின் பக்கம் திருப்ப இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை. விவரத்தைப் படத்தின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாமல், மென்மையான பென்சிலால் எழுத வேண்டும்.

கட்டணத்தில் கூச்சம் காட்டுவது அடுத்த தவறு. ஆறு மாணவிகள், எட்டு வகுப்புகள், தலைக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரவு 4800 ரூபாய். ஒருவருக்கு 300 ரூபாய்ப் பொருள் செலவு போக எஞ்சுவது 3000 ரூபாய். ஒவ்வொரு வகுப்புக்கும் கற்பிக்க இரண்டு மணி, தாள் வெட்டி அடுக்க ஒரு மணி, பெருக்கித் துடைக்க ஒரு மணி என்றால் மொத்தம் 32 மணி நேரம். மணிக்கு 94 ரூபாய்க்கும் குறைவாகவே கிடைக்கிறது. இதில் "நம்ம பிள்ளைதானே" என்று இரண்டு பேரை இலவசமாகச் சேர்த்தால் மீதி என்னவாகும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. உறவினர் பிள்ளைக்குச் சலுகை தருவதென்றால் பொருளுக்கான பணத்தையாவது வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணத்தைப் பாதி வகுப்பு முடிந்த பிறகு கேட்பது இருவருக்கும் சங்கடம் என்பதால் முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது. ஒரு வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல் சேர்த்தால் கட்டரைப் பிடித்த கையைக் கண்காணிக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் இரவு பத்தரைக்கு "மேடம், நாளைக்கு என்ன கலர் சார்ட் வாங்கணும்?" என்று வரும் கேள்விக்கு உடனே பதில் எழுதிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிடும். தேவையான பொருள்களை முதல் வகுப்பிலேயே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லும் நேரத்தையும் அதே தாளில் குறிப்பிட வேண்டும். சொந்தப் பிள்ளை பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் ஆண்டில், ஜனவரி முதல் பொதுத்தேர்வு முடியும் வரை புதிய வகுப்பு எடுப்பதில்லை என்பதையும் அதில் சேர்த்துவிடலாம். இடையில் வீட்டில் யாருக்கேனும் உடல்நலமில்லாமல் வகுப்பை நிறுத்த நேர்ந்தால், எஞ்சிய வகுப்புகளுக்கான பணத்தை அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "பிறகு ஈடுகட்டுகிறேன்" என்று வைத்துக்கொண்டால், அந்தக் கடனை அடைக்கச் சொந்த ஆல்பத்துக்கு ஒதுக்கிய நேரத்தைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.