பானை ஓட்டிலிருந்து ஒரு சமூகத்தைப் படிப்பது எப்படி?

வேதாகமக் கால வரலாறு என்றதும் தாவீது, சாலொமோன் என்று ராஜாக்களிடமே போய் நிற்கிறோம். சமூகவியல் கேட்பது வேறு: நிலம் யார் கையில் இருந்தது, விளைச்சல் யாருக்குப் போனது? பழகிப் பார்க்க ஏற்றவை சமாரியா ஓடுகள்: வட இஸ்ரவேல் ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவில் கிடைத்த, எழுத்துள்ள பானை ஓடுகள். 1910இல் அரண்மனை வளாகத்தில் கிடைத்தவை, 100க்கும் மேல். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், எபிரெயத்தில், மையால் எழுதிய சரக்குக் குறிப்புகள்.

படி 1: அட்டவணை போடுங்கள். ஆண்டு, குலம், ஊர், ஆள், சரக்கு என ஐந்து பத்தி போதும். ஓர் ஓடு இப்படி: “15ஆம் ஆண்டு. ஏலேக்கிலிருந்து. அகிமெலேக்கின் (மகன்) ஆசாவுக்கு.” கூடவே இன்னோர் ஆளின் பெயர், ஓர் ஊரின் பெயர். சரக்கு இல்லை. 9, 10ஆம் ஆண்டு ஓடுகளிலோ பழைய திராட்சரசம், சுத்தமான எண்ணெய் என்று சரக்கு வரும். காலியாக நிற்கும் கட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதும் முறை மாறியிருக்கிறது, அதுவும் தகவல்தான்.

படி 2: குலப்பெயர்களை வேதாகமத்தோடு ஒப்பிடுங்கள். இங்கே நிதானமாக இருங்கள். அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், செமீதா, நோவாள், ஒக்லாள் ஆகிய ஏழும் ஓடுகளில் உண்டு. யோசுவா 17இல் இதே பெயர்கள் மனாசே கோத்திரத்தின் பிள்ளைகளாக வருகின்றன. நோவாளும் ஒக்லாளும் எண்ணாகமம் 27இல் தகப்பனின் சொத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன் நின்ற செலொப்பியாத்தின் மகள்கள். ஓடுகளிலோ இவை சரக்கு வந்த பகுதிகள். அப்படியானால் வம்சவரலாறு ரத்த உறவை மட்டும் சொல்லவில்லை, எந்த நிலம் யாருடையது என்பதையும் சொல்கிறது. பலர் வாசிக்காமல் தாண்டிவிடும் பெயர்ப்பட்டியல்கள் எனக்குப் பொக்கிஷமாகத் தெரிவது இதனால்தான்.

படி 3: இரண்டு விளக்கங்களையாவது மோதவிடுங்கள். ஆசா யார்? வரியைப் பெற்ற அதிகாரியா, தலைநகரில் இருந்துகொண்டு ஊரிலுள்ள தன் நிலத்து விளைச்சலை வரவழைத்தவரா? ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எந்த விளக்கம் உங்கள் அட்டவணையில் அதிகப் பதிவுகளுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

படி 4: அப்புறம்தான் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம். 6ஆம் அதிகாரம் தந்தக் கட்டில், திராட்சரசம், உயர்ந்த தைலம் என்று சமாரியாவின் செல்வர்களைச் சாடுகிறது. அங்கே தந்த வேலைப்பாடுகளும் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் ஆமோஸ் கண்டிக்க வந்தவர், கணக்கு எழுத வந்தவரல்ல. முதலில் அவரை வாசித்துவிட்டால் ஓடுகளில் ஒடுக்குமுறை மட்டுமே கண்ணில் படும்.

அடுத்த பயிற்சிக்கு நெகேமியா 5 எடுங்கள். பத்திகள்: அடகு வைத்தவர், அடகுப் பொருள், காரணம், கடன் கொடுத்தவர்.