பிரேக்அவுட்டுக்கு ஸ்டாப் ஆர்டர் போடுவது எப்படி?

எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் விலை ரெசிஸ்டன்ஸை, அதாவது ஏறும்போதெல்லாம் முட்டித் திரும்பும் மட்டத்தை, உடைத்துக்கொண்டு ஓடியிருக்கும். இதுதான் பிரேக்அவுட். அப்புறம் துரத்திக்கொண்டு போய் உச்சத்தில் வாங்குவோம். இதைத் தவிர்க்கத்தான் ஸ்டாப் ஆர்டர்: "இந்த விலையைத் தொட்டால் மட்டும் வாங்கு" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. ஒரு கற்பனைப் பங்கை வைத்தே பார்ப்போம்.

படி 1: ரெசிஸ்டன்ஸைக் குறியுங்கள்

பங்கு மூன்று வாரமாக 480-க்கும் 500-க்கும் நடுவே அலைகிறது. மேலே போய்த் திரும்பிய உச்சங்கள்: 499.60, 500.90, 500.40, 499.80. ரெசிஸ்டன்ஸ் மெல்லிய கோடு இல்லை, ஒரு பட்டை என்பது இதிலேயே தெரிகிறது. நமக்கு வேண்டியது பட்டையின் மேல் விளிம்பு, 500.90.

படி 2: டிரிகர் விலை

எந்த விலையைத் தொட்டதும் ஆர்டர் விழித்துக்கொள்ள வேண்டுமோ, அதுதான் டிரிகர். 501-ல் போடத்தான் கை போகும். வேண்டாம். விலை 501.20 வரை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குவது தினசரிக் கூத்து. கொஞ்சம் இடைவெளி விடுங்கள். நான் ஏடிஆரில் கால் பங்கு விடுவேன். விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் ஏடிஆர். வெல்ஸ் வைல்டர் 1978-ல் அறிமுகப்படுத்திய கணக்கு. நம் பங்கின் ஏடிஆர் 8 என்றால் கால் பங்கு 2. ஆக, டிரிகர் சுமார் 503.

படி 3: ஆர்டர் வகை

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். விலை 496-ல் இருக்கும்போது 503-க்கு சாதாரண லிமிட் ஆர்டர் போட்டால் அது காத்திருக்காது. "503 வரை எந்த விலையும் சரி" என்று எடுத்துக்கொண்டு உடனே 496-லேயே வாங்கிவிடும். ஆர்டர் வகையில் ஸ்டாப் என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஸ்டாப் மார்க்கெட் ஆர்டர், 503 தொட்டதும் கிடைத்த விலைக்கு வாங்கும். மறுநாள் 509-ல் திறந்தால் 509 பக்கம்தான் கிடைக்கும். ஸ்டாப் லிமிட்டில் டிரிகர் 503, லிமிட் 505 என்று கொடுத்தால் 505-க்கு மேல் வாங்காது. பங்கு கைநழுவலாம், எனக்கு அது பரவாயில்லை. ஆனால் 509-ல் திறந்தபின் அந்த ஆர்டர் 505-ல் காத்துக்கொண்டே இருக்கும். விலை சரிந்து திரும்பும்போது, அதாவது பிரேக்அவுட் தோற்கும் நேரத்தில், வாங்கித் தொலைக்கும். அப்படித் திறந்தால் ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள்.

படி 4: வெளியேறும் விலை, பிறகு எண்ணிக்கை

கடைசியாக விலை இறங்கி எழுந்த பள்ளம் 493 என்றால் ஸ்டாப் லாஸ், அதாவது "இதுவரை இறங்கினால் விற்றுவிடு" என்னும் ஆர்டர், 492. மோசமாக 505-ல் வாங்கினாலும் ஒரு பங்குக்கு நஷ்டம் 13. உங்கள் முதலீடு 1,00,000, அதில் ஒரு சதவீதம், 1,000 மட்டும் இழக்கத் தயார் என்றால் 1,000-ஐ 13-ஆல் வகுங்கள்: 76 பங்கு. "ஒரு நூறு வாங்கலாம்" என்று குத்துமதிப்பாகப் போடாதீர்கள். விலை 492-க்குக் கீழே திறந்தால் நஷ்டம் இதைவிடக் கூடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்டாப் லாஸை முடிந்தவரை மார்க்கெட் வகையாக வையுங்கள். வாங்கும்போது தவறவிடலாம், வெளியேறும்போது தவறவிடக் கூடாது.

படி 5: வாங்கிய பிறகு

76-க்குப் பதில் 50 பங்குதான் கிடைத்திருக்கலாம். ஸ்டாப் லாஸும் 50-க்கே இருக்க வேண்டும். நாள் முடிவில் விலை 500-க்குக் கீழே முடிந்தால் நான் 492 வரை காத்திருக்க மாட்டேன், விற்றுவிடுவேன்.

அப்படிக் கையால் விற்ற ஒரு நாள், காத்திருந்த ஸ்டாப் லாஸை ரத்து செய்ய மறந்துவிட்டேன். பிறகு விலை சரிந்தது, ஆர்டர் விழித்துக்கொண்டு என்னிடம் இல்லாத பங்கை விற்றது. அதைத் திரும்ப வாங்கி அடைப்பதற்குள் விலை மறுபடி ஏறிவிட்டது. இப்போதெல்லாம் விற்ற கையோடு ஆர்டர் பட்டியலைத் திறந்து, நிலுவையில் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் திரையை மூடுகிறேன்.