கார்னவாலே மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாரிஸ் போகிறவர்கள் லூவர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்குகிறார்கள். கார்னவாலேக்கு, வழியில் ஒரு மணி நேரம் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். முதல் தவறே அதுதான். பாரிஸ் நகரத்தின் வரலாறு முழுவதும் மரே பகுதியில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து மாளிகைகள் இரண்டை இணைத்து அமைத்த இடம் இது. சுமார் 3,800 பொருட்கள் காட்சியில் இருக்கின்றன. அரை நாளாவது வேண்டும்.

தேடும்போது 'ஹோட்டல் கார்னவாலே' என்று வந்தால் தங்கும் விடுதி என்று நினைத்துவிடாதீர்கள். நகரத்தில் பிரபுக்கள் கட்டிக்கொண்ட மாளிகைக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான்.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வாசலைத் தாண்டியதும் முற்றத்தில் நிற்காமல் நேரே உள்ளே போய்விடுகிறார்கள். இங்கே கட்டிடமே முதல் காட்சிப்பொருள். 1548இல் கட்டத் தொடங்கிய வீடு. நூறு ஆண்டுக்குப் பிறகு கட்டிடக் கலைஞர் ஃபிரான்சுவா மான்சார் பக்கக் கட்டிடங்களின் மேல் மாடி எழுப்பினார். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு நூற்றாண்டுகளின் வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். எதிரே சுவரில் நான்கு பருவங்களும் ஆளுயரச் சிற்பங்களாக நிற்கின்றன. நடுவில் மன்னர் பதினான்காம் லூயியின் வெண்கலச் சிலை. உடம்பில் ரோமானியப் போர்க்கவசம், தலையில் தோள்வரை புரளும் பொய்முடி! பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸின் அரசர் சிலைகளை உருக்கிவிட்டார்கள். 1689இல் வடித்த இது தப்பிப் பிழைத்தது. கடிதங்களால் புகழ்பெற்ற மதாம் தெ செவின்யே 1677 முதல் 1696இல் இறக்கும்வரை குடியிருந்தது இந்த வீட்டில்தான். அதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டு அப்புறம் உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. பார்க்கும் அறைகள் எல்லாம் இந்த மாளிகையின் அறைகள் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். இல்லை. எங்கெங்கோ இருந்த வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பொருத்தியவை பல. ஓவியர் அல்போன்ஸ் மூக்கா 1901இல் வடிவமைத்த நகைக்கடை ஒன்று இருக்கிறது. ஜார்ஜ் ஃபூக்கே என்ற நகை வணிகரின் கடை அது. ரூவாயால் தெருவில் இருந்தது. சுவரில் தோகை விரித்த மயிலைப் பாருங்கள், நகை விற்ற இடம் என்பதே மறந்துபோகும். எழுத்தாளர் மார்செல் புரூஸ்தின் படுக்கையும் அப்படி வந்ததுதான். பித்தளைக் கம்பி வைத்த சாதாரணக் கட்டில். வெளிச்சத்தம் கேட்கக் கூடாது என்று தன் அறைச் சுவர் முழுவதும் தக்கை பதித்து வைத்திருந்தவர் அவர். கட்டிலிலேயே கிடந்து எழுதியவர். ஆகவே ஒவ்வொரு அறையிலும் முதலில் குறிப்பைப் படித்து, இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓஸ்மான் பிரபு பழைய பாரிஸை இடித்துப் பெரிய சாலைகள் போட்ட காலத்தில்தான், அவர் யோசனைப்படி 1866இல் நகராட்சி இந்த மாளிகையை வாங்கியது. 1880இல் மக்களுக்குத் திறந்தார்கள். இடிபட்ட நகரத்தின் துண்டுகளைக் காப்பாற்றி வைத்த இடம் என்று நினைத்துப் பார்த்தால், அறைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும்.

கடைப் பலகைகள் வைத்திருக்கும் கூடத்தை வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். வீட்டுக்கு எண் இல்லாத காலத்தில் முகவரி சொல்ல இவைதான் உதவின.

நேரத்தைப் பங்கிடுவதிலும் கவனம் வேண்டும். தொடக்கத்தில் கற்காலத்து மரத்தோணிகள் இருக்கின்றன. சேன் ஆற்றங்கரையில் பெர்சி பகுதியில் தோண்டியபோது கிடைத்தவை. பிரெஞ்சுப் புரட்சிக் கூடங்களோ மேல் மாடியில் இருக்கின்றன. கீழேயே களைத்துப்போய், மேலே போகும்போது மூடும் நேரமாகிவிடும். புரட்சிக்காகவே வருகிறவர்கள் முதலில் மேலே போய்விட்டுக் கீழே இறங்கலாம், தப்பில்லை. புரட்சியின் தொடக்கத்தில் மக்கள் கைப்பற்றிய சிறைக்கோட்டை பாஸ்டில். அதை இடித்த ஒப்பந்தக்காரர் பலுவா, அந்தக் கற்களிலேயே கோட்டையின் சிறிய மாதிரிகளைச் செதுக்கச் செய்து நாடு முழுவதும் அனுப்பினார். அதில் ஒன்று இங்கே இருக்கிறது.

நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, தற்காலிகக் கண்காட்சிக்கு மட்டும்தான் சீட்டு வாங்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை.

வெளியே வந்தால் பாஸ்டில் சதுக்கம் நடக்கும் தூரம்தான். கோட்டை இருந்த எல்லையைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சிறிய கல் மாதிரியைப் பார்த்த கையோடு போய் அந்தக் கோட்டின் மேல் நடந்து பாருங்கள்.