முதல் பிரையர் பைப் வாங்குபவர்கள் ஃபில்டரில் செய்யும் தவறுகள்

போன மாதம் என் அக்கா மகன் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் புதுப் பிரையர் பைப், அதாவது மரத்தில் செய்த புகையிலைக் குழல். "மாமா, ரெண்டு இழுப்புக்கு மேல முடியல. உள்ளே சளசளன்னு சத்தம், நாக்கெல்லாம் எரியுது" என்றான். பைப் நன்றாக ஆறும்வரை காத்திருந்து வாய்க்குழலைக் கழற்றினேன். உள்ளே இருந்த காகித ஃபில்டர் தேநீர்ப் பையைப் போல ஊறிப் போய், தொட்டதும் பிய்ந்து வந்தது. அது குழிக்குள் ஆடிக்கொண்டும் இருந்தது. பைப்பின் துளை 9 மில்லிமீட்டர், அவன் போட்டிருந்தது 6 மில்லிமீட்டர் ஃபில்டர். விற்றவர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். புகையில் பாதி ஃபில்டரைத் தொடாமல் பக்கவாட்டில் போயிருக்கிறது, அதிலிருந்த ஆவி அந்த இடைவெளியில் தண்ணீராகத் தேங்கியிருக்கிறது.

பைப்பை முதலில் வாங்குவோம், ஃபில்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வாய்க்குழலின் முனையில், புகையிலைக் கிண்ணத்தோடு சேர்ந்த மரக்காம்புக்குள் நுழையும் முளை இருக்கிறதே, அதைக் குடைந்துதான் ஃபில்டருக்கு இடம் விடுகிறார்கள். எவ்வளவு குடைந்தார்களோ அதுதான் அந்தப் பைப்பின் ஆயுள் முழுவதற்கும் அளவு. பின்னால் வீட்டில் மாற்ற முடியாது. ஆகவே பைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே ஃபில்டரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

ஜெர்மனியில் 9 மில்லிமீட்டர்தான் வழக்கம். நூரெம்பெர்க் நகரத்து வாவன் நிறுவனத்தின் 'டாக்டர் பெர்ல்' கரி ஃபில்டர் அந்த அளவில் வருவது. டென்மார்க்கின் ஸ்டான்வெல் பைப்புகளிலும் இதே அளவை நிறையப் பார்க்கலாம். அமெரிக்காவில் மெடிகோ, டாக்டர் கிராபோ போன்றவை 6 மில்லிமீட்டர் காகித ஃபில்டருக்கானவை. 1876இல் மிலானில் தொடங்கிய சாவினெல்லி, பால்சா மரத்துண்டை ஃபில்டராக வைக்கிறது. அது 6, 9 இரண்டு அளவிலும் உண்டு. ஆங்கிலேய மரபுப் பைப்புகளில் பெரும்பாலும் ஃபில்டருக்கு இடமே கிடையாது. ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் துரை பைப்போடு வந்து நின்ற கதையை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பைப்பும் அப்படிப்பட்டதாகத்தான் இருந்திருக்கும்.

பெட்டியில் அளவு எழுதவில்லையா? கடையிலேயே ஒரு பென்சில் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரணப் பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன். முளையின் வாயில் அது நுழைந்தால் 9 மில்லிமீட்டர் பைப். நுழையாமல் நின்று, ஆனால் துளை, பைப்பின் உள்ளே விட்டுத் துடைக்கும் பஞ்சுக் கம்பியான பைப் கிளீனரைவிட நன்றாக அகலமாக இருந்தால் 6. பைப் கிளீனர் மட்டுமே போகும் சிறு துளை என்றால் ஃபில்டர் இல்லாத பைப்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, 9 மில்லிமீட்டர் பைப்பில் ஃபில்டர் தீர்ந்துவிட்டது என்று வெறுமனே புகைப்பது. ஃபில்டர் இருந்த இடம் இப்போது வெற்று அறை. குறுகிய வழியில் வந்த புகை அங்கே திடீரென்று விரிந்து குளிர்ந்து, அதிலுள்ள ஆவி நீராகிவிடும். அந்த இடத்தை நிரப்ப நடுவில் துளையிட்ட சிறு அடாப்டர் இருக்கிறது. பல நிறுவனங்கள் பைப்போடே கொடுத்துவிடுகின்றன. பெட்டியைத் தூக்கிப்போடும் முன் அதைத் தேடி எடுத்து வையுங்கள். ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத முதல் பைப்புக்கு, அடாப்டரோடு வரும் 9 மில்லிமீட்டரே நல்லது என்பது என் கருத்து. இரண்டு வழியும் திறந்திருக்கும்.

சரி, ஃபில்டர் போட்டால் உடம்புக்குக் கெடுதல் இல்லையே என்று கேட்பவர்கள்தான் அதிகம். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். கெடுதல் உண்டு. கரி சில ஆவிகளைப் பிடிக்கும், ஈரத்தையும் தாரில் கொஞ்சத்தையும் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு அதன் வழியாக அப்படியே போய்விடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கும் வாய்வழியாகவே நிகோடின் ஏறுகிறது. வாய், உதடு, தொண்டைப் புற்றுநோய் பைப் புகைப்பவர்களுக்கும் வருகிறது. அக்கா மகனிடமும் முதலில் இதைத்தான் சொன்னேன், விட முடிந்தால் இப்போதே விடு என்று. ஃபில்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒரு முறை புகைப்பவர் மூன்று முறை புகைக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மலேசியாவில் உணவுக்கடைச் சட்டமும் ஃபில்டரைப் பார்ப்பதில்லை. 2019 ஜனவரியில் வந்த விதி, புகைப்பவர் கடைக்கு 3 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்றது, பைப்பானாலும் அப்படித்தான்.

எந்த வகை என்பதில் அடுத்தவர் பேச்சைக் கேட்டு ஏமாறாதீர்கள். வாசனை சேர்த்த புகையிலையில் ஈரம் காக்கப் பொருட்கள் கலந்திருப்பதால் அது நனைந்தே எரியும். அதற்குக் கரி ஃபில்டர் நன்றாக உதவும். ஆனால் வர்ஜீனியா போன்ற மென்மையான இலையின் சுவையைக் கரி மழுக்கிவிடும். பால்சா அவ்வளவு மழுக்குவதில்லை. கனடாவின் பிரிகாம் பைப்பில் வரும் மேப்பிள் மரக்குழாயை அலசிக் காயவைத்துச் சில தடவை பயன்படுத்தலாம், ஆனால் அது அவர்கள் பைப்புக்கென்றே செய்தது. டப்ளினின் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை பெற்ற முறையில், காம்பின் அடியில் நீர் தேங்க ஒரு குழியே உண்டு. காகிதம் மலிவு, சீக்கிரம் ஊறிவிடும். இதில் எதையும் விட முக்கியமான கேள்வி, தீர்ந்த பிறகு பினாங்கில் எங்கே கிடைக்கும் என்பதுதான். கிடைக்காத ஃபில்டருக்குப் பைப் வாங்கியவர், பழைய ஃபில்டரையே வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார். கரி ஃபில்டர் ஒரு தடவைக்குத்தான். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், உள்ளே படிந்தது போகாது.

புது ஃபில்டரையும் நம் ஊர் காற்று கெடுக்கும். கரி சுற்றியுள்ள நாற்றத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். திறந்த பொட்டலத்தைச் சமையலறை அலமாரியில் வைத்தால் தாளிப்பு வாசனை முதல் இழுப்பிலேயே தெரியும். இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள்.

கரி ஃபில்டரைத் தலைகீழாகப் போடுவதும் நடக்கிறது. ஒரு முனை பீங்கான், மறுமுனை பிளாஸ்டிக் என்றிருந்தால், சூடு தாங்கும் பீங்கான் முனை புகையிலைக் கிண்ணத்தின் பக்கம், பிளாஸ்டிக் முனை வாய்ப் பக்கம்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். சளசளப்பு வந்ததும் ஃபில்டரைக் குறை சொல்கிறோம். புகையிலை எரிவதே தண்ணீரை உண்டாக்குகிறது. எவ்வளவு உலர்ந்த இலையானாலும் அந்த ஆவி காம்பின் குளிர்ந்த இடத்தில் பட்டு நீராகும். அதோடு இலையிலேயே ஈரமிருந்தால் எந்த ஃபில்டரும் கிண்ணம் பாதி முடியும் முன் நிரம்பிவிடும். வறண்ட நாட்டில் இலையைத் தட்டில் பரப்பிக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும் என்பார்கள். பினாங்கில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. மழை நாளில் தாழ்வாரத்தில் பரப்பி வைத்த இலை காய்வதற்குப் பதில் இன்னும் நமத்துப் போயிருக்கும். ஏர்கான் ஓடும் அறையில் வெள்ளைத்தாளில் பரப்புங்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டி உருண்டையாகவே இருந்தால் இன்னும் ஈரம், அழுத்தம் விட்டதும் மெல்லப் பிரிந்தால் பதம், பொடிந்தால் தாண்டிவிட்டது. இதைச் செய்தபின்தான் ஃபில்டர் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியும்.

அவசரத்தில் சூட்டோடு வாய்க்குழலைப் பிடுங்கி ஃபில்டரை மாற்றுவது பைப்பையே முடித்துவிடும். முளை சூட்டில் விரிந்து இறுகியிருக்கும், இழுத்தால் காம்பு விண்டுபோகும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, மெல்லத் திருகியபடி இழுங்கள். குழல் எபோனைட்டாக இருந்தால் சன்னலோரத்திலும் வைக்காதீர்கள், வெயிலில் பழுப்புப் பச்சையாக வெளுத்துவிடும். எபோனைட் என்பது ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கியது. பிரையர், மத்தியதரைக் கடலோரப் புதரின் வேர்க்கட்டை. ஆனால் வாயில் கடிக்கும் பகுதி நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் வெட்டிய ரப்பர் பாலின் உறவு. எனக்கு அதைத் துடைக்கும்போதெல்லாம் தோட்டத்து நினைவு வரும்.

அக்கா மகனுக்கு 9 மில்லிமீட்டர் கரி ஃபில்டர் ஒரு பெட்டியும் ஓர் அடாப்டரும் ஒரு கட்டு பைப் கிளீனரும் வாங்கச் சொன்னேன். சளசளப்பு அந்த வாரமே நின்றது. நாக்கு எரிச்சல் அடங்க இன்னும் இரண்டு வாரம் ஆனது, அவன் சிகரெட் இழுப்பதுபோல் இழுக்கும் வேகம் குறைய அவ்வளவு நாள் பிடித்தது.