வார்ப்பிரும்பு பாய்லருக்குத் துருப்பிடிக்காமல் பெயின்ட் அடிப்பது எப்படி?

வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் அடிப்பகுதியில் துரு தெரிந்ததும் பலரும் நேராகப் பெயின்ட் வாங்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். துரு இருக்கிறதென்றால் எங்கிருந்தோ ஈரம் வருகிறது. அதை நிறுத்தாமல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் உரிந்துதான் வரும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

வார்ப்பிரும்பு பாய்லர் பல பகுதிகளைச் சேர்த்து இறுக்கியது. அந்த இணைப்புகளில் கசிவு இருந்தால் துரு மேலிருந்து கீழே கோடாக வழிந்திருக்கும், ஓரத்தில் வெள்ளையாக உப்பும் படிந்திருக்கும். பாய்லர் ஓடும்போது சூடான பாகத்தில் கை படாமல் இணைப்பின் அடியில் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயின்ட் இந்தக் கசிவை அடைக்காது, மெக்கானிக்தான் சரிசெய்ய வேண்டும்.

வீட்டைச் சூடாக்கிவிட்டுப் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே தொடர்ந்து இருந்தால், எரிந்த புகையில் உள்ள நீராவி உள்பக்கம் குளிர்ந்து அமிலத் தண்ணீராக வடியும். இதுவும் மெக்கானிக் வேலை.

கோடு எதுவும் இல்லாமல் மேற்பரப்பு முழுக்க மெல்லிய தூளாகத் துரு படிந்திருக்கிறதா? பாய்லர் ஓடாத மாதங்களில் அறையின் ஈரக்காற்று செய்த வேலை அது. பெயின்ட் உண்மையிலேயே தீர்க்கும் பிரச்சினை இது ஒன்றுதான்.

வேலைக்கு முன்

கேஸ், மின்சாரம் இரண்டையும் நிறுத்துங்கள். பைலட் சுடர் (பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சிறு சுடர்) இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அதே அறையில் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதுவும் அணைந்திருக்க வேண்டும், ஏனென்றால் தின்னர் ஆவி ஒரு சிறு சுடரிலும் பற்றிக்கொள்ளும். பாய்லர் முழுக்க ஆறட்டும். உள்ளே இருக்கும் தண்ணீரை வடிக்க வேண்டாம். புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போய் உள்பக்கத் துருவைக் கூட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய பாய்லர்களில் மேலே பூசிய வெள்ளைப் பூச்சும் கதவோரக் கயிறும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பரிசோதித்துப் பார்க்கும் வரை சுரண்டவே சுரண்டாதீர்கள்.

சுத்தம் செய்வது

முக்கால்வாசி வேலை இதுதான். வார்ப்பிரும்பின் மேல்பரப்பு மணலில் வார்த்தது, சொரசொரப்பாக இருக்கும். துரு அந்தச் சின்னச் சின்னக் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பி பிரஷை ஒரே திசையில் இழுக்காமல் வட்டமாகச் சுழற்றித் தேயுங்கள். அப்புறம் 80 எண் உப்புத்தாள், கடைசியில் 120. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். பளபளப்பாக வர வேண்டியதில்லை. வெள்ளைத் துணியால் தேய்த்தால் பழுப்பு ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்டை விட்டுவிட்டு அதன் விளிம்பை மட்டும் மழுக்குங்கள். குழியில் மிஞ்சிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற, துருவை மாற்றும் திரவத்தைத் தடவினால் அது கறுத்து இறுகும்.

தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டவே வேண்டாம். சுத்தமான இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கும், ஆகவே பிரைமரை அன்றைக்கே அடித்துவிடுங்கள்.

எந்தப் பெயின்ட்?

"பாய்லர்தானே, 600 டிகிரி தாங்கும் பெயின்டே வாங்கிவிடலாம்" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அப்படிப்பட்ட சிலிகான் பெயின்ட்களில் பெரும்பாலானவை 200 டிகிரி அளவு சூடேறினால்தான் முழுதாக இறுகும். சுடுதண்ணீர் பாய்லரின் நீர்ப்பகுதி வழக்கமாக 80 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அங்கே அது மென்மையாகவே நின்று, சுரண்டினால் வந்துவிடும். அந்தப் பகுதிக்குத் துருத் தடுப்பு பிரைமரும் அதற்கு மேல் 100 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும் எனாமலும் போதும். நீராவி பாய்லர் என்றால், வண்டி எஞ்சினுக்கு அடிக்கும் சூடு தாங்கும் எஞ்சின் எனாமல் நல்லது. தீ எரியும் அறையின் கதவு, புகை வெளியேறும் பகுதி ஆகியவற்றுக்கு மட்டும் சிலிகான் பெயின்ட். டப்பாவில் சொல்லாவிட்டால் அதன் அடியில் சாதாரண பிரைமர் போடாதீர்கள், கருகிவிடும்.

அடிப்பது

பாதுகாப்பு வால்வு, விவரத் தகடு, அளவுமானிகள், நீர்மட்டக் கண்ணாடி, ஒயர்கள், பர்னருக்குக் காற்றுப் போகும் திறப்புகள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுங்கள். இவற்றில் பெயின்ட் படவே கூடாது. பாய்லரின் உள்பக்கமும் அப்படியே.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிரைமரை முதலில் போல்ட் தலைகளிலும் மூலைகளிலும் குத்தி அடித்துவிட்டு, பிறகு பரப்பில் மெல்லியதாக ஒரு கோட். காய்ந்ததும் எனாமல் இரண்டு மெல்லிய கோட். தடிமனாக ஒரே கோட் அடித்தால் சூட்டில் கொப்புளம் விடும்.

டப்பாவில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிட்டு, டேப்பை எல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று பார்த்து, குறைந்த சூட்டில் ஓடவிட்டுப் படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் சில மணி நேரம் வாடை வரும், லேசாகப் புகையலாம். மீதிப் பெயின்டை மூடி வேறு அறையில் வையுங்கள். சர்வீஸின்போது ஸ்பேனர் பட்டு உரியும் போல்ட் தலைகளுக்குத் தொட்டு வைக்க உதவும்.